பிளாசிபோ: போலி மருந்தா, மருந்துப்போலியா?

மாரடைப்பு வந்து தேறிய என் மாமாவிடம், புதிய இதய மருந்து ஒன்றின் ஆய்வில் சேரச் சம்மதமா என்று கேட்டு ஒப்புதல் படிவம் கொடுத்தார்கள். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி: "உங்களுக்குப் போலி மருந்து வழங்கப்படலாம்." மாமா அந்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "தெரிஞ்சே போலி மருந்து குடுப்பாங்களா?" என்று கேட்டார். கையெழுத்துப் போடவில்லை.

படிவம் 'போலி மருந்து' என்று சொன்னது ஆங்கிலத்தில் பிளாசிபோ: பார்க்க மருந்து போலவே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. பிளாசிபோ என்றால் இலத்தீனில் 'நான் மகிழ்விப்பேன்' என்று பொருள். இறந்தவர்களுக்கான கிறிஸ்தவ மாலை வழிபாட்டில், பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து வரும் இலத்தீன் வரி ஒன்று இந்தச் சொல்லோடுதான் தொடங்கும். காசு வாங்கிக்கொண்டு துக்க வீட்டில் அதைப் பாடியவர்களால், முகத்துதி செய்கிறவனுக்கு அது பெயராயிற்று. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் மருத்துவத்துக்குள் வந்தது; நோயைத் தீர்க்க இல்லாமல் நோயாளியின் மனம் ஆறக் கொடுக்கும் மருந்து என்ற பொருள் பிடித்தது.

இன்றைய ஆய்வில் அதன் வேலை மனம் குளிர வைப்பது இல்லை, ஒப்பிட்டுப் பார்ப்பது. அமெரிக்காவில் 1960களில் தொடங்கிய 'கரோனரி டிரக் புராஜெக்ட்' ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கனவே மாரடைப்பு வந்த ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைக்கும் குளோஃபிப்ரேட், இன்னொரு பகுதியினருக்குப் பிளாசிபோ. குளோஃபிப்ரேட்டை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில் 5 ஆண்டுகளில் இறந்தவர்கள் 100க்கு 15 பேர், ஒழுங்கில்லாமல் சாப்பிட்டவர்களில் 100க்கு 25 பேர். மருந்து வேலை செய்கிறது என்றுதானே தோன்றும்? அப்புறம் பிளாசிபோ பக்கம் பார்த்தால், அதை ஒழுங்காகச் சாப்பிட்டவர்களிலும் 100க்கு 15, விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களில் 28. மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறவர் உடம்பையும் மற்ற விதத்தில் கவனித்துக்கொள்கிறவராக இருப்பார், அந்த வித்தியாசம்தான் இதில் தெரிந்திருக்க வேண்டும். பிளாசிபோ குழு இல்லாமல் போயிருந்தால் அந்தப் பெருமை முழுக்க மருந்துக்குப் போயிருக்கும். மொத்தமாகப் பார்த்தால் இரண்டு குழுவிலும் இறப்பு கிட்டத்தட்ட ஒன்றுதான்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'மருந்துப்போலி' என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது, அதுவே சரி என்பது என் கட்சி. 'போலி'யின் வேர் 'போல்'. இலக்கணத்தில் பந்தல் 'பந்தர்' ஆனால் அதைக் கடைப்போலி என்கிறோம், அதில் ஏமாற்று எதுவும் இல்லையே! மருந்துப்போலி என்றால் மருந்து போல இருப்பது, அவ்வளவுதான். இரண்டு சொல்லையும் இடம் மாற்றிப் 'போலி மருந்து' என்று எழுதினால் கள்ள மருந்து ஆகிவிடுகிறது, அதைக் கேட்டுப் பயப்படுவது மாமாவின் தப்பா? சிலர் 'வெற்று மருந்து' என்கிறார்கள், அது பரவாயில்லை, ஆனால் நிறத்திலும் வடிவத்திலும் அசல் மாதிரியே இருக்கும் என்ற முக்கியமான செய்தி அதில் விடுபட்டுப் போகிறது.

மாமாவுக்கு அந்த வரியை நான் இப்படித்தான் எழுதிக் காட்டினேன்: "உங்களுக்குப் புதிய மருந்து தரப்படலாம், அல்லது பார்க்க அதைப் போலவே இருக்கும் மருந்துப்போலி தரப்படலாம். எது என்று உங்களுக்கும் தெரியாது, உங்களைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. நீங்கள் இப்போது சாப்பிடும் இதய மாத்திரைகள் எதுவும் நிறுத்தப்படாது." கடைசி வாக்கியத்தைப் படிவத்தின் வேறொரு பக்கத்திலிருந்து எடுத்தேன், அங்கே பொடி எழுத்தில் இருந்தது.