அர்ச்சிராதி கதி – சொல் விளக்கம்

அர்ச்சிஸ் + ஆதி + கதி. வடமொழியில் அர்ச்சிஸ் என்றால் தீச்சுடர், ஆதி என்றால் முதலான, கதி என்றால் போகும் வழி. வீடு பெற்ற உயிரைச் சுடர் முதலானோர் அழைத்துச் செல்லும் வழி என்பது முழுப்பொருள். சிலர் 'அர்ச்சனாதி' என்று எழுதுகிறார்கள். அது பிழை, அர்ச்சனைக்கு இங்கே இடமில்லை.

இதயத்தில் கிளைக்கும் நாடிகள், அதாவது நுண்குழல்கள், 101. அவற்றுள் உச்சந்தலைக்கு ஏறும் ஒன்றின் வழியே உயிர் வெளியேறிக் கதிரவனின் கதிரைப் பற்றி மேலே போகிறது என்பது உபநிடதக் கூற்று. அதன்பின் யார் யார் வந்து அழைத்துப் போகிறார்கள் என்பதில் சாந்தோக்கியம், பிருகதாரண்யகம், கௌஷீதகி ஆகிய மூன்று உபநிடதங்களும் வெவ்வேறு பட்டியல் தருகின்றன. உபநிடதக் கருத்துகளைத் தொகுத்து ஆராயும் பிரம்ம சூத்திரத்தின் நான்காம் அத்தியாயம் அவற்றை ஒன்றாக இணைக்கிறது. இராமானுசர் கொண்ட வரிசை: சுடர், பகல், வளர்பிறை, உத்தராயணம், ஆண்டு, காற்று, கதிரவன், திங்கள், மின்னல், வருணன், இந்திரன், பிரஜாபதி.

பலர் தடுமாறுவது இங்கேதான். பகல், வளர்பிறை, உத்தராயணம் ஆகியவை இறக்கும் நேரத்தைக் குறிப்பன அல்ல. அவற்றுக்கு உரிய தேவர்கள் 'ஆதிவாஹிகர்', அதாவது வழிநடத்துவோர் என்று சூத்திரமே தெளிவாகச் சொல்கிறது. இரவிலோ தட்சிணாயனத்திலோ உயிர் பிரிந்தாலும் இவ்வழிக்குத் தடையில்லை என்றும் அது தீர்ப்பளிக்கிறது. ஆகவே ஆடி மாதத்தில் இறந்தவருக்காக உறவினர் கலங்க வேண்டியதில்லை. மறுபிறவிக்குத் திருப்பி அனுப்பும் 'தூமாதி', அதாவது புகை முதலான வழி, முற்றிலும் வேறு.

மின்னலுக்குரியவனே அமானவன், கடைசிவரை உடன் வருபவன். பரமபதம் எனப்படும் வைகுண்டத்தின் எல்லையான விரஜை ஆற்றில் நுண்ணுடல் கழிகிறது, அமானவன் கைபட்டதும் புதிய ஒளியுடல் கிடைக்கிறது என்பது வைணவ மரபு. அங்கே மாலை, மை, சுண்ணம், ஆடை ஏந்திய மகளிர் எதிர்கொள்வதாகக் கௌஷீதகி சொல்கிறது. நம்மாழ்வாரும் 'சூழ்விசும்பு' பதிகத்தில் (திருவாய்மொழி 10.9) 'நிதியும் நற்சுண்ணமும் நிறைகுட விளக்கமும்' ஏந்திவரும் மகளிரைக் காட்டுகிறார். இவ்வழியை அறிய விரும்பும் தமிழர் முதலில் படிக்க வேண்டியது அந்தப் பதிகமே.

தமிழில் 'ஒளிவழி' என்றால் 'ஆதி' விடுபட்டுப்போகும். 'சுடர்முதல் நெறி' பொருந்துகிறது. 'சொர்க்கப் பயணம்' கூடவே கூடாது. புண்ணியம் தீர்ந்ததும் சொர்க்கத்திலிருந்து இறங்கியாக வேண்டும், இவ்வழியில் சென்றவர் மீள்வதில்லை. திருவரங்கத்தில் வைகுண்ட ஏகாதசியன்று உற்சவரான நம்பெருமாள் விரஜாநதி மண்டபம் கடந்து எழுந்தருளும் வாயிலையும் சொர்க்கவாசல் என்பதைவிடப் பரமபத வாசல் என்பதே சரி.