பூங்கொடி வாங்க போறீங்களா, பூவை மட்டும் பாத்து வாங்காதீங்க

மாடித்தோட்டம், வீட்டு முகப்புத் தோட்டம் போட்டுக் குடுக்கிறதுதான் நம்ம தொழில். இப்பல்லாம் வர்றவங்க போன்ல ஒரு போட்டோவ காட்டி "கேட்டுக்கு மேல இதே மாதிரி பூ கொத்துக்கொத்தா தொங்கணும்"னுதான் பேச்சையே ஆரம்பிக்கிறாங்க. நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான், வீட்ல தவழ்ற குழந்தை, நாய், ஆடு மாடு ஏதாச்சும் இருக்கா? ஏன்னா நர்சரில அழகா நிக்கிற கொடில நிறைய வாயில வைக்கிற சமாச்சாரம் இல்ல, அத விக்கிறவங்க சொல்றதும் இல்ல.

உதாரணத்துக்கு அலமாண்டா. மஞ்சள் பூ, தென் அமெரிக்காவுல இருந்து வந்தது, பெரிய பூ வேணும்னா ஹெண்டர்சோனி, குத்துச்செடியா வேணும்னா குட்டை ரகம், ஊதா நிறத்துல வேற ஒண்ணு இருக்கு. எல்லாமே அரளிக் குடும்பம்தான், கிள்ளுனா பால் வரும், அது பட்டா சிலருக்கு அரிக்கும் தடிக்கும், தின்னுட்டா வாந்தி பேதிதான். கவாத்து பண்றப்ப கையுறை போட்டுக்கோங்க, கண்ண மட்டும் தொட்டுடாதீங்க.

ஆனா நான் ரொம்ப பயப்படுறது செங்காந்தளுக்குத்தான். நம்ம மாநிலப் பூ, இலை நுனியே சுருண்டு கம்பிய புடிச்சு ஏறும், பச்சையா விரிஞ்சு மஞ்சளாகி அப்புறம் சிவக்கும், அழகுல குறையே கிடையாது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்குன்னு இத ஏக்கர் கணக்குல போட்டு விதை எடுக்கிறாங்க, அதுல இருக்கிற கொல்கிசின்தான் கீல்வாத மாத்திரைக்குப் போகுது. அதே கொல்கிசின்தான் விஷமும். செடி முழுக்க இருக்கு, கிழங்குலயும் விதையிலயும் அதிகம்.

வீட்டுத்தோட்டத்துல இதுல என்ன சிக்கல்னா, பூத்து முடிச்சதும் மேல கொடி காஞ்சு போயிடும், கிழங்கு மட்டும் மண்ணுக்குள்ள உயிரோட கிடக்கும், செடி செத்துப்போச்சுன்னு நெனச்சு தொட்டிய அப்படியே விட்டுட்டு வீடு மாறிடுவாங்க, அடுத்து குடி வர்றவங்க மண்ண கிளறுனா ஏதோ வள்ளிக்கிழங்கு மாதிரி கையில கிடைக்கும். யாராச்சும் தெரியாம தின்னுட்டா சில மணி நேரத்துல வாந்தி, வயித்துப்போக்கு ஆரம்பிக்கும், நடுவுல கொஞ்சம் தேவலன்னு கூட தெரியும், சிறுநீரகம் எலும்பு மஜ்ஜைன்னு அடிக்கிறது அதுக்கப்புறம்தான். வாந்தி நின்னுடுச்சேன்னு வீட்ல உக்காந்துடாதீங்க, 108க்கு போன் போடுங்க, மிச்சக் கிழங்க ஒரு கவர்ல போட்டு டாக்டர்கிட்ட காட்டுங்க. இதுக்குன்னு முறிவு மருந்து ஆஸ்பத்திரிகள்ல கிடைக்கிறதில்ல, அதனால சீக்கிரம் போறதுதான் முக்கியம். வளக்கணும்னு ஆசைன்னா தாராளமா வளங்க, தொட்டில பேர எழுதி வைங்க, வீடு மாறும்போது கிழங்கையும் கையோட எடுத்துடுங்க.

குன்றிமணிக் கொடியும் அப்படித்தான். விதைய முழுசா முழுங்குனா ஓடு கெட்டிங்கறதால சில நேரம் அப்படியே வெளிய வந்துடும், கடிச்சாலோ ஓட்டை போட்டிருந்தாலோ ஆபத்து, ரெண்டுல எதுவா இருந்தாலும் டாக்டர பாத்துடுங்க.

அடுத்தது கட்டுமானம். காகிதப்பூ தானா எதையும் புடிச்சு ஏறாது, முள்ள ஊன்றி சாஞ்சுக்கும், அவ்வளவுதான், நாமதான் கட்டி விடணும், அதனால குழந்தைங்க ஓடுற நடைபாதை உயரத்துல கட்டாதீங்க. ஒரே செடில வெள்ளையும் ரோஸும் கலந்து வர்ற மேரி பாமர் ரகத்துக்குத்தான் இப்ப கிராக்கி. பூக்கலைன்னு புலம்புறவங்க வீட்டுக்குப் போய் பாத்தா முக்காவாசி தினமும் தண்ணி ஊத்திட்டு இருப்பாங்க. காய விடுங்க, பூக்கும்!

ரங்கூன் மல்லி சாயங்காலம் வெள்ளையா விரிஞ்சு அடுத்தடுத்த நாள்ல ரோஸ், சிவப்புன்னு மாறும், வாசனைக்கு ராத்திரி அந்துப்பூச்சி தேடி வரும். தண்டு மரம் மாதிரி தடிக்கிற கொடி அது, பிளாஸ்டிக் பைப் பந்தல் தாங்காது, இரும்பு பைப் போடுங்க. தன்பெர்ஜியா ஊதாப்பூ தோட்டக்காரங்களுக்குப் பிடிச்சது, ஆனா ஆஸ்திரேலியாவோட குயின்ஸ்லாந்துல அது காட்டையே மூடுற களை, அதனால வெட்டுன தண்ட ஓடைக்கரைல வீசாதீங்க.

பால்கனி சின்னது, கைக்குழந்தை வேற இருக்குன்னு சொல்றவங்களுக்கு நான் சங்குப்பூதான் குடுக்கிறேன். நீலம், வெள்ளை, அடுக்குன்னு ரகம் இருக்கு, ஒரு கயிறு கட்டுனா போதும். விதைய மட்டும் குழந்தை தின்னா வயித்தால போகும், அதனால நெத்து முத்துறதுக்கு முன்னாடியே பறிச்சிடுங்க.