பூஸ்ட் கேஜ்: மிகைமின்னேற்ற மானி அல்ல, திணிப்பமுக்க மானி

முல்லைத்தீவில் படகு எஞ்சின் திருத்தப் பழகும் பெடியன்களுக்குச் சனிக்கிழமைகளில் பாடம் எடுக்கிறேன். போன மாதம் கைக்கு வந்த தமிழ்ப் பாடக்குறிப்பு ஒன்றில், எஞ்சினுக்குள் நெருக்கித் தள்ளப்படும் காற்றின் அமுக்கத்தைக் காட்டும் பூஸ்ட் கேஜ் என்ற கருவியின் படத்துக்குக் கீழே 'மிகைமின்னேற்ற மானி' என்று அச்சாகியிருந்தது. கொக்கிளாயிலிருந்து வரும் ஒரு பெடியன் எழும்பி, "சேர், பற்றறி இறங்கினா இந்த முள்ளும் இறங்குமோ?" என்று கேட்டான். அவனில் பிழையே இல்லை. மின்னேற்றம் என்று எழுதிவைத்தால் பற்றறியைத்தானே தேடுவான்? இதே சொல்லை முன்பும் இரண்டு மூன்று இடங்களில் கண்டு பேசாமல் விட்டிருக்கிறேன். இனி விட மனமில்லை.

'மிகைமின்னேற்றம்' என்பது 'சுப்பர்சார்ஜ்' என்ற ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்தது. 'சார்ஜ்' என்பதன் வேர், வண்டியைக் குறிக்கும் 'கார்ருஸ்' என்ற இலத்தீன் சொல். வண்டியில் பாரம் ஏற்றுவதுதான் முதற்பொருள். துவக்குக்கு மருந்து ஏற்றுவதும் பற்றறிக்கு மின் ஏற்றுவதும் பிறகு வந்தவை. எஞ்சினில் சார்ஜ் என்றால் சிலிண்டருக்குள் போகும் காற்றும் எரிபொருளும். 'சுப்பர்' என்றால் மேல், மிகை. 'பூஸ்ட்' என்பது கீழிருந்து உந்தித் தூக்கிவிடுவது. மின்சாரத்துக்கு இங்கே இடமே இல்லை.

கருவி செய்யும் வேலையைப் பாருங்கள். சாதாரண எஞ்சின் காற்றைத் தானே உறிஞ்சுகிறது. கடல்மட்டத்தில் வளியமுக்கம் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 14.7 இறாத்தல். அந்த அமுக்கம் தள்ளுகிற அளவுக்குத்தான் காற்று உள்ளே போகும். சுப்பர்சார்ஜரோ எஞ்சினின் சுழற்சியையே பட்டி வழியாக வாங்கிச் சுற்றி, காற்றை நெருக்கி உள்ளே தள்ளுகிறது. புகைபோக்கியால் வெளியேறும் வாயு சுற்றினால் அது டர்போ. உள்ளெடுப்புக் குழாயில் வளியமுக்கத்துக்கு மேல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்டுவதே பூஸ்ட் கேஜ். முள் 7இல் நின்றால் 14.7க்கு மேல் இன்னும் 7 என்று பொருள். எங்கள் பட்டறைக்கு வரும், படகின் பின்னால் வெளியே மாட்டுகிற வெளியிணைப்பு எஞ்சின்களில் இது கிடையாது. மேர்க்கரி நிறுவனம் 2004இல் கொண்டுவந்த வெராடோ எஞ்சின் போன்றவற்றில் சுப்பர்சார்ஜர் உண்டு. வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிற பெடியன்கள் அவற்றைக் கழற்றத்தான் போகிறார்கள்.

சரி, என்ன சொல் வைப்பது? 'ஊக்கமானி' என்றார் ஒரு நண்பர். ஊக்கம் மனிதருக்கு உரியது, குழாய்க்குள் அதை அளக்க முடியாது. 'அழுத்த அளவி' போதும் என்றார் இன்னொருவர். எந்த அழுத்தம்? படகில் எண்ணெய்க்கு ஒரு கேஜ், குளிர்நீருக்கு ஒரு கேஜ் இருக்கிறது. சாதாளை என்கிற கடற்புல் நீர்வழியை அடைத்தால் விழுவது நீரின் முள். அதைப் பார்த்துவிட்டு சுப்பர்சார்ஜரைக் கழற்றினால் ஒரு நாள் தொழில் போச்சு. அதோடு அழுத்தம் தமிழ்நாட்டு வழக்கு. எங்கள் பிள்ளைகள் பள்ளியில் படிப்பது அமுக்கம். மானி வடசொல், அளவிதான் தூய தமிழ் என்ற வாதமும் வந்தது. தூய்மையில் எனக்கும் பற்று உண்டு. ஆனால் வெப்பமானி, மழைமானி என்று ஆறாம் ஏழாம் வகுப்பிலேயே பழகிய வாய்க்கு மானி என்றாலே கருவி விளங்கிவிடுகிறது. அந்த விளக்கத்தைப் பறித்துக்கொண்டு தூய்மையைக் கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

நான் வைக்கும் சொல் திணிப்பமுக்க மானி. சுப்பர்சார்ஜர், காற்றுத் திணிப்பி. வன்னியில் அறுவடை பார்த்தவருக்கு இதை விளக்கவே தேவையில்லை. சாக்கு நிறைந்த பிறகும் இரண்டு காதையும் பிடித்து உலுப்பி, நிலத்தில் குத்தி, இன்னும் ஒரு கடகம் நெல்லைத் திணிப்பார்கள். சாக்கு அதே சாக்கு, உள்ளே போனது கூட. எஞ்சினிலும் அதுதான் நடக்கிறது. திணிப்பு என்றால் விருப்பமில்லாதவர் மேல் சுமத்துவது அல்லவா என்று கேட்டார்கள். அரசியல் மேடை ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டது என்பதற்காகப் பட்டறை அதைக் கைவிட வேண்டுமா?

அடுத்த சனிக்கிழமை கரும்பலகையில் வட்டம் கீறி, புதுச்சொல்லை எழுதி, "முழு வேகத்தில 7இல நிண்ட முள் 4க்கு வந்தா?" என்று கேட்டேன். அதே கொக்கிளாய்ப் பெடியன்தான் சொன்னான்: "திணிக்கிறது காணாது சேர். பட்டி வழுக்குது, இல்லாட்டி குழாயில எங்கயோ காத்துப் போகுது."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல கேஜ்களில் பூச்சியத்துக்கு இடப்பக்கமும் கோடுகள் இருக்கும். பெற்றோல் எஞ்சின் மெதுவாக ஓடும்போது காற்றுவழி அநேகமாக மூடியிருப்பதால் உள்ளே அமுக்கம் வளியமுக்கத்தைவிடக் குறையும், முள் அந்தப் பக்கம் சாயும். அதைப் பாடக்குறிப்பு 'வெற்றிடம்' என்கிறது. வெற்றிடம் என்றால் ஒன்றுமே இல்லாத இடம். அங்கே காற்று இருக்கிறது, குறைவாக இருக்கிறது. குறையமுக்கம் என்று எழுத என்ன தடை? கருவியை ஒருதரம் கையில் எடுத்துப் பார்க்காமல், அகராதியில் முதலில் கண்ட சொல்லை ஒட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டையும் சிவப்புப் பேனையால் வெட்டி, சரியான சொற்களை ஓரத்தில் எழுதி, பாடக்குறிப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.