வழு: ‘பக்’குக்கு ஏற்ற தமிழ்ச் சொல்லும் அதன் கூடப்பிறந்த வழுவமைதியும்

சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த தரமணியிலும் பெருங்குடியிலும் மதிய நேரத்தில் எந்த டீக்கடைப் பக்கம் போய் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். கழுத்தில் அடையாள அட்டையோடு நிற்கும் இருவரில் ஒருவர், “மச்சி, இது பக் டா” என்பார். மற்றவர் டீயை ஆற்றிக்கொண்டே, “பக் இல்லடா, ஃபீச்சர். டிசைனே அப்படித்தான்” என்பார். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும் வரை வழக்கு தீர்ந்திருக்காது. பன்னிரண்டு ஆண்டுகளாக நான் மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். இந்த வழக்கில் பெரும்பாலும் முதல் ஆளின் பக்கம்தான் நிற்பேன்.

‘பக்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் விடை ‘வழு’. புதிதாகக் கட்டிய சொல் இல்லை இது. பள்ளிக்கூடத்தில் இலக்கண வகுப்பில் நாம் எல்லோரும் படித்த அதே வழுதான்.

முதலில் பொருள். ஒரு செயலியோ விளையாட்டோ கருவியோ தான் செய்யவேண்டியதை விட்டு வேறொன்றைச் செய்தால், அந்த விலகலுக்குக் காரணமாக உள்ளே இருக்கும் குறைதான் பக். திரை உறைந்து நிற்பது அறிகுறி. உறைய வைத்தது பக். அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவார்கள், அதனால்தான் பிரித்துச் சொல்கிறேன்.

பூச்சி என்று பொருள்படும் இந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைப் பற்றிப் பலரும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1947 செப்டம்பர் 9-ஆம் தேதி, ஹார்வர்டில் ‘மார்க் 2’ என்ற கணிப்பொறி தகராறு செய்தது. திறந்து பார்த்தால், 70-ஆம் எண் ரிலேயில், அதாவது மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சில், ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டி, ‘பக் உண்மையிலேயே அகப்பட்ட முதல் சம்பவம்’ என்று பக்கத்தில் எழுதி வைத்தார்கள். அந்தப் பதிவேடு, பூச்சியோடு சேர்ந்து, இன்றும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் கணிப்பொறிக் குழுவில் இருந்த கிரேஸ் ஹாப்பர் இதை மேடைக்கு மேடை சொல்லிப் பரப்பியதால் அவர்தான் பூச்சியைப் பிடித்தவர் என்றும், அன்றுதான் சொல்லே பிறந்தது என்றும் நம் கல்லூரிகளில் இன்றும் பாடம் நடக்கிறது. இரண்டும் சரியில்லை. எழுதியவர்களின் வாசகத்தையே பாருங்கள். ‘உண்மையிலேயே அகப்பட்ட’ என்று எழுத வேண்டுமானால், அகப்படாத பக் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்திருக்க வேண்டும். இருந்தது. 1878-லேயே தாமஸ் எடிசன் தன் கடிதம் ஒன்றில், புதுக் கருவியை உருவாக்கும்போது தலைகாட்டும் சிறு கோளாறுகளுக்குப் பக் என்று பெயர் சொல்கிறார். அதற்கும் பல நூற்றாண்டு முன்னால் ஆங்கிலத்தில் இதே வடிவச் சொல் பேய், பூச்சாண்டி, சோளக்கொல்லைப் பொம்மை போன்ற பயமுறுத்தும் பொருள்களைக் குறித்தது. நம்மிடமும் குழந்தையைப் பயமுறுத்துவதைப் ‘பூச்சி காட்டுவது’ என்கிறோம். இரண்டு சொல்லுக்கும் உறவு எதுவும் இல்லை. ஆனாலும் கடலுக்கு இரண்டு பக்கமும் பூச்சியும் பயமும் ஒரே இடத்தில் வந்து நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, அப்படியானால் தமிழில் ‘பூச்சி’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். வேண்டாம். பூச்சி என்றதும் நமக்கு நினைவு வருவது அரிசி டப்பா. ‘பிழை’ நல்ல சொல், ஆனால் அது வேறொரு வேலைக்கு ஏற்கெனவே போய்விட்டது. திரையில் தோன்றும் பிழைச் செய்தியில் உள்ள பிழை அது. ‘கோளாறு’ கருவிக்குப் பொருந்தும், நிரலுக்குள் இருக்கும் நுட்பமான சறுக்கலுக்குக் கனமாக இருக்கிறது. சென்னையின் மின்னணுப் பொருள் சந்தையான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால், “போர்டு கம்ப்ளெய்ண்ட் சார்” என்பார்கள். சென்னைத் தமிழில் கம்ப்ளெய்ண்ட் என்றால் புகார் இல்லை, பழுது. ரிப்பேர் என்றால் சரிசெய்வது இல்லை, கெட்டுப்போவது. கடைப்பேச்சுக்கு இரண்டும் அருமையான சொற்கள். ஆனால் அவை முழுதாக நின்றுபோன பொருளைக் குறிக்கின்றன. பக் இருக்கும் மென்பொருள் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஓர் இடத்தில் மட்டும் வழுக்கும்.

அந்த ‘வழுக்கும்’ என்பதில்தான் நம் சொல்லின் வேர். வழு, வழுவு, வழுக்கு, வழுவழு எல்லாம் ஒரே குடும்பம். பெசன்ட் நகர் கடற்கரையில் இளநீர்க்காரர் “தண்ணியா, வழுக்கையா?” என்று கேட்கிறாரே, அந்த வழுக்கையும் இதே வீட்டுப் பிள்ளை. கோகுலாஷ்டமிக்கு இளைஞர்கள் ஏறும் வழுக்குமரமும் அப்படித்தான். வழுவுதல் என்றால் போகவேண்டிய தடத்திலிருந்து சறுக்கி விலகுவது. தடம் ஒன்று இருந்தால்தான் வழு என்ற பேச்சே எழும். பக் என்பதன் பொருளும் இதுதானே? இப்படி நடக்கவேண்டும் என்று ஒரு வரையறை, அதிலிருந்து ஒரு விலகல்.

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் பெரிதும் சொற்கள் இப்படி வழுவாமல் காப்பதைப் பற்றியதுதான். 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூலில் அதை ஒரே சூத்திரத்தில் அடக்கினார்: “திணையே பால்இடம் பொழுது வினாஇறை மரபாம் ஏழும் மயங்கின் ஆம் வழுவே.” இறை என்றால் இங்கே விடை, பொழுது என்றால் காலம். இந்த ஏழில் சில, நம் கைப்பேசிக்கென்றே எழுதியதுபோல இருக்கும்.

வினா வழுவுக்குப் பள்ளியில் சொல்லும் எடுத்துக்காட்டு நினைவிருக்கிறதா? ஒரே ஒரு விரலைக் காட்டி, ‘சிறியதோ, பெரியதோ?’ என்று கேட்பது. எதோடு ஒப்பிட்டுச் சொல்வது? இப்போது ஒரு செயலியில் ஆர்டரை ரத்து செய்யப் போங்கள். ‘ரத்து செய்யவா?’ என்று ஒரு பெட்டி வரும். கீழே இரண்டு பொத்தான்: ‘ரத்து’, ‘சரி’. ரத்து என்பதை அழுத்தினால் ஆர்டர் ரத்தாகுமா, இல்லை ரத்து செய்யும் எண்ணம் ரத்தாகுமா? நிரல் பிசகாமல்தான் ஓடுகிறது. கேள்விதான் வழுக்குகிறது. சோதனையாளர்கள் பலர் இதைப் பக் என்று பதிவு செய்யத் தயங்குவார்கள். வழு என்ற சொல்லைக் கையில் வைத்திருப்பவருக்கு அந்தத் தயக்கம் தேவையில்லை, ஏனென்றால் அதன் உள்வகையே ‘வினா வழு’ என்று பெயரோடு இருக்கிறது. விடை வழுவுக்குப் பாடநூல் சொல்வது, ‘கண்ணன் எங்கே இருக்கிறார்?’ என்று கேட்டால் ‘கண்ணாடி பைக்குள் இருக்கிறது’ என்பது. தானியங்கி உதவி அரட்டைகளில் பணம் திரும்ப வரவில்லை என்று எழுதிவிட்டு என்ன பதில் வருகிறது என்று பாருங்கள்.

இதுவரை சொன்னது பாதிதான். ‘பிழை’க்கும் ‘கோளாறு’க்கும் இல்லாத ஒரு சொத்து வழுவுக்கு உண்டு. அதன் கூடப்பிறந்த வழுவமைதி. முறைப்படி பார்த்தால் வழு, ஆனால் ஒரு காரணம் கருதி வழு இல்லை என்று பெரியவர்கள் ஏற்றுக்கொண்டது. அம்மா தன் மகளைப் பார்த்து “வாடா ராசா” என்கிறாள். பால் மாறிவிட்டது. ஆனால் அன்பு காரணம், ஆகவே பால் வழுவமைதி. வீட்டுப் பசுவை “என் அம்மை வந்தாள்” என்றால் திணை வழுவமைதி, மகிழ்ச்சி காரணம். டீக்கடையில் “பக் இல்லடா, ஃபீச்சர்” என்று சொல்பவர் கேட்பது இந்த வழுவமைதியைத்தான். பெயர் தெரியாமல் கேட்கிறார்.

கணினியில் இதற்கு என்னிடம் இருப்பதிலேயே நல்ல எடுத்துக்காட்டு எக்செல். அது தேதிகளை 1900 ஜனவரி 1-ஐ ஒன்றாக வைத்து நாள் எண்ணாகவே எண்ணும். ஒரு கட்டத்தில் 60 என்று அடியுங்கள். பிறகு அந்தக் கட்டத்தின் வடிவத்தைத் தேதி என்று மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அப்படி ஒரு நாளே உலகத்தில் இருந்ததில்லை. நூற்றாண்டு ஆண்டுகள் 400-ஆல் வகுபட்டால்தான் லீப் ஆண்டு, 1900 வகுபடாது. கால வழு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? ஆனால் இது தெரிந்தே வைத்தது. எக்செல்லுக்கு முன்னால் சந்தையைப் பிடித்திருந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருள் 1900-ஐ லீப் ஆண்டாகக் கணக்கிட்டது. அதன் கோப்புகள் எக்செல்லில் தேதி மாறாமல் திறக்கவேண்டும் என்பதற்காக அதே கணக்கை எடுத்துக்கொண்டார்கள். இன்று திருத்தினால், இருக்கும் கோப்புகளில் உள்ள தேதிகள் அநேகமாக எல்லாம் ஒரு நாள் நகர்ந்துவிடும். அதனால் விட்டுவைத்திருக்கிறார்கள். வழு, காரணம், ஏற்பு மூன்றும் இருக்கின்றன. முழு வழுவமைதி.

வீடியோ விளையாட்டுகளில் வழுவமைதி இன்னும் அழகாக இருக்கும். 1978-ல் தொமொஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். அந்தக் கருவியால் திரை நிறைய எதிரிகளை வேகமாக வரைய முடியவில்லை. எண்ணிக்கை குறைந்ததும் மூச்சு வாங்கி ஓடியது. அதைத் திருத்தாமல் விட்டார், ஆட்டத்தின் பரபரப்பே அதுவாகிவிட்டது. 1991-ல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2-இல் அடிமேல் அடியாகத் தொடுப்பதும் சோதனையின்போது தற்செயலாகக் கண்ணில் பட்டதுதான். பிற்காலச் சண்டை விளையாட்டுகள் அந்தத் தொடர் அடியை நம்பியே நிற்கின்றன. வழுவமைதி ஆகாமல் வழுவாகவே நின்றதும் உண்டு. பேக்-மேனில் 256-ஆம் கட்டத்தை எட்டினால் திரையின் வலப்பாதி குப்பையாகிவிடும். எட்டு பிட்டில் 255-க்கு மேல் எண்ண முடியாததன் விளைவு அது.

கருவிகளில் யூஎஸ்பி. ரிச்சி ஸ்ட்ரீட் கடைப் பையன் பென்டிரைவைச் சொருகுவதைக் கவனியுங்கள். சொருகுவான், போகாது. திருப்புவான், போகாது. மறுபடி திருப்பினால் போகும். எப்படிச் சொருகினாலும் போகும்படி செய்திருக்கலாமே? செய்தால் கம்பிகளும் சுற்றுகளும் கூடி விலை ஏறியிருக்கும் என்று யூஎஸ்பியை உருவாக்கிய குழுவில் இருந்த அஜய் பட் சொல்லியிருக்கிறார். காரணம் உண்டு, அந்தக் காலத்துக்கு நியாயமான காரணம்.

காரணம் காலாவதியும் ஆகும். ஆண்டை இரண்டே இலக்கத்தில் எழுதியது நினைவகம் தங்கம் விலை விற்ற காலத்தில் சரியான வழுவமைதி. 2000 நெருங்கியபோது அதுவே உலகம் முழுக்க வழுவானது, அதைத் திருத்தும் வேலையில் சென்னைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் அமர்ந்தார்கள். இன்று தரமணியில் டீ குடிக்கும் கூட்டத்துக்கு அந்த இரண்டு இலக்கத்தோடும் ஓர் உறவு உண்டு.

ஆனால் “டிசைனே அப்படித்தான்” என்று சொல்லிவிட்டால் மட்டும் வழுவமைதி ஆகிவிடாது. என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாவுக்கு ஒரு செயலி வழியாக மருத்துவக் காப்பீடு எடுத்தேன். பெயருக்கு இரண்டு பெட்டிகள், முதல் பகுதி ஒன்று, கடைசிப் பகுதி ஒன்று. அப்பாவுக்குக் கடைசிப் பகுதி கிடையாது. தாத்தா பெயரின் முதலெழுத்து மட்டும்தான். அந்த ஒற்றை எழுத்தை அடித்தால், ‘குறைந்தது இரண்டு எழுத்து வேண்டும்’ என்று சிவப்பில் ஒரு வரி. காலியாக விட்டாலும் நகரவில்லை. பின்னால் நின்ற அப்பா, “அதையே ரெண்டு தடவை அடிச்சிடுப்பா” என்றார். அடித்தேன். ஆதாரில் ஓர் எழுத்து, பாலிசியில் இரண்டு. போன ஆண்டு அப்பாவின் கண்புரை அறுவைக்கான பணம், பெயர் பொருந்தவில்லை என்று ஏழு வாரம் நின்றது. கேட்டதற்கு, “சிஸ்டம் டிசைன் அப்படித்தான் சார்” என்றார்கள். கண்ணில் பச்சைத் துணியோடு அப்பா ஒவ்வொரு நாளும், “நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அப்பா தப்பாகச் சொல்லவில்லை. அது மரபு வழு. தென்னந்தோப்பைத் தென்னந்தோட்டம் என்றால் வழு என்று சொல்லும் மொழி இது. முதலெழுத்தும் பெயரும் என்பது இந்த ஊரின் பெயர் மரபு, அது தெரியாத பெட்டி வழுக்கிய பெட்டி. அம்மாவின் ‘ராசா’வில் மகள் ஏமாறுவதில்லை, பொருள் மயங்குவதில்லை, கேட்பவளுக்கு ஓர் இன்பம் கூடுகிறது. எக்செல்லின் பொய்த் தேதி பழைய கோப்புகளைக் காப்பாற்றுகிறது. இந்த இரண்டெழுத்து விதி யாரைக் காப்பாற்றியது? வழுவமைதி கேட்பவர் காரணம் காட்டவேண்டும், அந்தக் காரணம் பயன்படுத்துபவருக்கு உதவவேண்டும். இலக்கணம் எனக்குக் கற்றுத்தந்த அளவுகோல் இதுதான்.

இனி புழக்கம். பன்மை வழுக்கள், பசுக்கள் என்பதுபோல. பக்கைத் தேடி நீக்கும் ‘டீபக்’ வேலை வழுநீக்கம், அதற்கான கருவி வழுநீக்கி, பதிவு செய்வது வழு அறிக்கை. கட்டற்ற மென்பொருள்களைத் தமிழாக்கியவர்கள் வழுவை முன்பே எடுத்து ஆண்டுவிட்டார்கள், ஆகவே தனியாகச் சொல்கிறோமோ என்ற கூச்சம் வேண்டாம். வழுவே இல்லாத நிலைக்கு வழாநிலை என்று பெயர், நான் இன்னும் அப்படி ஒரு செயலியைப் பார்க்கவில்லை. ஃபீச்சர் என்பதற்கு ‘வசதி’ போதும்.

எங்கள் குழுவில் வழுவைப் பதிவு செய்யும் டிக்கெட் படிவத்தில் இப்போது ஒரு கட்டத்தைக் கூட்டியிருக்கிறோம். ‘டிசைன்’ என்று சொல்லி மூடுபவர் அங்கே காரணம் எழுதவேண்டும். கட்டத்தின் பெயர் ‘வழுவமைதி’. போன வாரம் ஒரு தம்பி, ‘பழைய ரசீதுகளின் எண் மாறிவிடும் என்பதால்’ என்று எழுதியிருந்தான். படித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டேன். அடுத்த டிக்கெட்டில் அந்தக் கட்டம் காலியாக வந்தது. அதை மறுபடி திறந்துவிட்டேன்.