பால்வினை நோய்: இதில் வினை யாருடையது?

‘எஸ்.டி.டி.’ என்றதும் மஞ்சள் பலகை மாட்டிய தொலைபேசிக் கடை நினைவுக்கு வருகிற தலைமுறை ஒன்று உண்டு. இன்றைய கல்லூரி மாணவருக்கு அந்த மூன்றெழுத்து பால்வினை நோய் மட்டும்தான்.

பால் என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பால் அப்படி வந்தவை. வினை என்றால் செயல். உடலுறவால் வரும் நோய் என்பதுதான் சொல்லை ஆக்கியவர்கள் கருதிய பொருள். ஆனால் தமிழ்க் காது அத்துடன் நிற்பதில்லை. தொல்காப்பியக் களவியலில் தலைவனையும் தலைவியையும் எதிர்ப்பட வைப்பது ‘பாலது ஆணை’. அங்கே பால் என்பது ஊழ். வினையோ முன்வினை, தீவினை என்று நீளும். ஆக, நோயின் பெயரிலேயே தீர்ப்பும் எழுதியாகிவிட்டது.

பழி சுமத்துவது நமக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. சிபிலிஸ் என்ற பால்வினை நோயை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றார்கள், பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றார்கள். நாம் ஐரோப்பியர் தலையில் கட்டிப் பறங்கிப்புண் என்றோம். (நாட்டு மருந்துக் கடையில் இன்றும் கிடைக்கும் பறங்கிப்பட்டை இந்தப் புண்ணுக்கும் மருந்தாக இருந்தது.) ‘வெனீரியல்’ என்ற ஆங்கிலச் சொல் ரோமானியக் காதல் தெய்வம் வீனஸையே இழுத்துவிட்டது. மேகநோய், வெட்டை என்ற சித்த மருத்துவப் பெயர்கள் இவற்றைவிட நாகரிகமானவை. ஆனால் மேகம் நீரிழிவையும் சேர்த்துக்கொள்ளும், துல்லியம் போதாது.

1990களின் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் ‘நோய்’ என்பதை விட்டு ‘தொற்று’ என்பதற்கு மாறியது. காரணம் எளிது. உடலுறவால் பரவும் கிளமிடியா என்ற பாக்டீரியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு அறிகுறியே தெரியாது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் கெட்டுக் குழந்தைப்பேறு தடைப்படலாம். நோய் என்ற சொல்லோ வலியையும் புண்ணையும் எதிர்பார்க்க வைக்கிறது. ‘பார்த்தால் ஆரோக்கியமாகத்தானே இருக்கிறான்’ என்ற விடுதி அறை ஞானமும், ஆணுறையைக் காட்டாத ஆபாசப் படங்களும் ஆசிரியர்களாக இருக்கும் வயதில் இந்தப் பிழைக்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகம்.

அப்படியானால் சரியான சொல் எது? ‘பாலியல் தொற்று’ என்று எழுதுகிறார்கள். ‘இயல்’ துறையைக் குறிப்பது. துறைக்குத் தொற்று வராது என்று இலக்கணக்காரர் முணுமுணுக்கலாம். என் தேர்வு ‘பாலுறவுத் தொற்று’. பரவும் வழியைச் சொல்கிறது, பழியைச் சொல்லவில்லை. ‘பாலுறவுத் தொற்றுக்குப் பரிசோதனை செய்ய வேண்டும்’ என்று மருத்துவமனைச் சீட்டுத் தரும் இடத்தில் ஒரு மாணவியால் சொல்லிவிட முடியும். அங்கே பால்வினை நோய் என்று சொல்ல வேண்டியிருந்தால் பாதியிலேயே குரல் இறங்கிவிடும்.