மேல்வரிசைப் பல்லின் பின்பக்கம்

ராமநாதபுரத்தில் பல் டாக்டராக இருக்கிறேன். எடை, சாப்பாடு, மனக்கஷ்டம் பற்றியெல்லாம் இவர் ஏன் எழுதுகிறார் என்று தோன்றலாம். சாப்பிட்டதை ரகசியமாக வாந்தியெடுக்கும் பெண்பிள்ளைகளை வீட்டாருக்கு முன்பே கண்டுபிடிக்கிற வாய்ப்பு எங்களுக்குத்தான் இருக்கிறது. நான் அதைக் கோட்டை விட்டவன்.

தீவுப் பக்கத்திலிருந்து பதினோராம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி (அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்) பல் கூச்சம் என்று வந்தாள். மேல்வரிசை முன்பற்களின் உள்பக்கம் வழவழவென்று தேய்ந்து மஞ்சள் தெரிந்தது. கலர் சோடா நிறையக் குடிப்பியா என்றேன், தலையாட்டினாள், பேஸ்ட் எழுதிக் கொடுத்தேன். போதாக்குறைக்கு, "எளச்சு ஆளே மாறிட்டியேம்மா, நல்லாருக்கு" என்று வேறு சொல்லி அனுப்பினேன். இப்போது நினைத்தால் எனக்குத்தான் கூசுகிறது.

கலரால் தேய்ந்தால் பெரும்பாலும் பல்லின் வெளிப்பக்கம்தான் முதலில் தேயும். உள்பக்கம் தேய்ந்தால் அமிலம் வயிற்றிலிருந்து ஏறி வருகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். பிஎச் அளவு (எண் குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5க்குக் கீழே போனாலே பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையத் தொடங்கும், வயிற்று அமிலமோ 1க்கும் 3க்கும் நடுவில். நெஞ்செரிச்சல்காரர்களுக்கும் இப்படித் தேயும் என்பதால் பல்லை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் கண்டுபிடித்தது அவள் அப்பா. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது, மனுஷன் வீட்டிலேயே இருந்தார். குடம் குடமாய் விலைக்கு வாங்கி ஊற்றும் தண்ணீர் டிரம் இவ்வளவு சீக்கிரம் எப்படிக் காலியாகிறது என்று பார்த்தவர், இவள் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் பிறகு பின்கட்டுக்குப் போவதைக் கவனித்துவிட்டார்.

இரண்டாம் முறை வந்தபோது அம்மாவை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மெதுவாகக் கேட்டேன். ஒன்பதாவது படிக்கும்போது மீன் கம்பெனியில் சித்தப்பா விளையாட்டாக அவளைத் தராசில் ஏற்றி எடையைச் சத்தமாகப் படித்திருக்கிறார், "சீலாக்கூடை தோத்துச்சு போ" என்று. ஐஸ் உடைக்கிற ஆட்களெல்லாம் சிரிப்பு. அந்த எண்ணை அவள் மறக்கவில்லை, இங்கே எழுதவும் மாட்டேன். அன்றிலிருந்து பகலில் பட்டினி, ராத்திரி எல்லாரும் தூங்கியதும் பானையில் இருக்கிற சோறு முழுக்க, அப்புறம் அழுகை, வாந்தி. இது திமிரும் இல்லை, நாக்கு ருசியும் இல்லை. பட்டினி போட்ட உடம்பு வெறிகொண்டு சோறு தேடும். புலிமியா என்று பெயர். 1979லேயே ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் விவரித்து எழுதிவிட்டார், விரல் முட்டியில் விழும் தழும்புக்குக்கூட அவர் பெயர்தான். இவளுக்கும் இருந்தது. காதுக்குக் கீழே கன்னம் உப்பியிருந்ததைப் பொன்னுக்குவீங்கி என்று நினைத்து வேப்பிலை அரைத்துப் போட்டிருக்கிறார்கள். எடையைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, புலிமியாவில் பலருக்கு எடை சாதாரணமாகத்தான் இருக்கும்.

எனக்குப் பல்லைவிடப் பயம் ரத்தத்தில் இருக்கும் பொட்டாசியம் என்ற உப்புதான். வாந்தியால் அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும். மயக்கம், படபடப்பு என்றால் அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் இசிஜியும் எடுங்கள், கூடவே மனநல மருத்துவரையும் பார்க்கச் சொல்கிறேன். "ஏர்வாடிக்குப் போயி தாயத்துக் கட்டியாச்சு டாக்டர்" என்றார் அம்மா. கட்டியது இருக்கட்டும், ஊசி போட்டு ரத்தமும் எடுத்துடுவோம் என்றேன். வெளியே சொல்லத் தயங்குகிறவர்கள் 14416க்குப் போன் செய்யலாம், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசுவார்கள்.

வாந்தி எடுத்தவுடன் பல் தேய்க்காதீர்கள், இளகிய எனாமலும் சேர்ந்து தேய்ந்து போகும். தண்ணீரில் துளி ஆப்பசோடா போட்டுக் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். வீட்டாருக்கு ஒன்று: பின்கட்டில் காவல் நிற்க வேண்டாம், சேர்ந்து சாப்பிட்டு, அப்புறம் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து டிவி பாருங்கள்.

போன மாதம் பல் அடைக்க வந்திருந்தாள். வாந்தி குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. அம்மா, "இப்ப கொஞ்சம் ஒடம்பு போட்டு..." என்று ஆரம்பித்தார். கடலுக்குப் போகாமல் கூடவே வந்திருந்த அப்பா, "பல்லை மட்டும் பாருங்க டாக்டர்" என்றார்.