ட்ரவுட் கீழிருந்து என்ன பார்க்கிறது?

இங்கிலாந்தின் வில்ட்ஷைர் பகுதியில், ஏவன் ஆற்றங்கரையில் வாழ்ந்தவர் ஆலிவர் கைட். 1960களில் தொலைக்காட்சி மூலம் பிரபலமான மீன்பிடிப்பாளர். அவர் செய்து காட்டிய ஒரு வித்தையைத் தூண்டில்காரர்கள் இன்றும் பேசுகிறார்கள். சின்னத் தூண்டில் முள் ஒன்றை எடுப்பார். அதன் தலைப்பக்கம் மெல்லிய செப்புக் கம்பியைச் சில சுற்றுகள் சுற்றுவார். அவ்வளவுதான். இறகு கிடையாது, ரோமம் கிடையாது, வால் கிடையாது. அந்த மொட்டை முள்ளை ஓடும் நீரில் இறக்கி, மீனின் முன்னால் வரும்போது மெல்லத் தூக்குவார். ட்ரவுட் என்ற ஆற்று மீன் வந்து வாயில் வாங்கிக்கொள்ளும்.

அப்படியென்றால் உலகமெங்கும் இத்தனை பேர் இரவில் மேசை விளக்கடியில் உட்கார்ந்து, சேவல் இறகையும் மான் ரோமத்தையும் முள்ளில் வைத்து நூலால் கட்டிக்கொண்டிருப்பது எதற்கு? இப்படிக் கட்டிய பொய்ப்பூச்சிக்கு ஃப்ளை என்று பெயர். ஆயிரக்கணக்கான வகைகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் பெயர், வரலாறு, சண்டை எல்லாம் உண்டு. பெரும்பாலானவை மனிதரை மயக்கக் கட்டியவை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மீனை மயக்குபவை எவை என்று தெரிய வேண்டுமென்றால், மீன் இருக்கும் இடத்திலிருந்து மேலே பார்க்க வேண்டும்.

ட்ரவுட்டின் சாப்பாட்டிலிருந்து தொடங்கலாம். ஆற்றுப் பூச்சிகளில் மேஃப்ளைக்குத்தான் இந்தக் கலையில் முதலிடம். அதன் வாழ்நாளில் மிகப் பெரும்பகுதி ஆற்றடியில், கற்களுக்கும் பாசிக்கும் நடுவே, நிம்ஃப் எனப்படும் இளம்பருவத்தில் கழிகிறது. வளர்ந்ததும் நீர்மட்டத்துக்கு நீந்தி வருகிறது. அங்கே தோல் முதுகில் பிளக்கிறது. சிறகோடு பூச்சி வெளியே வருகிறது. சிறகு சரியாகும்வரை நீரின்மேல் நின்றபடியே மிதந்து போகிறது. பிறகு கரையோரச் செடிக்குப் பறந்து, அங்கே இன்னொரு முறை தோலுரிக்கிறது. சிறகு முளைத்த பிறகும் தோலுரிக்கும் பூச்சியினம் இது ஒன்றுதான். அப்புறம் இணை சேரும், முட்டையிடும், செத்து நீரில் விழும். சிறகு வந்தபின் அது சாப்பிடுவதே இல்லை, வாயுறுப்புகள் செயல்படாதவை.

ட்ரவுட்டுக்கு இந்த ஒவ்வொரு கட்டமும் ஒரு வேளைச் சோறு. ஆனால் ஓடும் ஆற்றில் அது ஒரு கணக்கோடுதான் வாழ முடியும். தின்பதில் கிடைப்பதைவிட நீந்துவதில் அதிகம் செலவானால் உடம்பு இளைத்துவிடும். அதனால் கல்லின் மறைவில், நீர் மந்தமாக ஓடும் இடத்தில், நீரோட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து நிற்கும். பக்கத்து வேகமான ஓட்டம் பூச்சிகளைக் கொண்டுவரும். தேவைப்படும்போது மட்டும் கொஞ்சம் நகர்ந்து, எடுத்துக்கொண்டு, பழைய இடத்துக்கே திரும்பும்.

அங்கே நின்று மேலே பார்த்தால் என்ன தெரியும்? இதுதான் இந்தத் துறையின் மிகச் சுவையான பகுதி. ஒளி காற்றிலிருந்து நீருக்குள் நுழையும்போது வளைகிறது. அடிவானத்திலிருந்து அடிவானம்வரை விரிந்த முழு வானமும், நீருக்குள் இருக்கும் கண்ணுக்கு ஏறக்குறைய 97 டிகிரி அகலமுள்ள கூம்புக்குள் சுருங்கிவிடுகிறது. அந்தக் கூம்பு நீர்மட்டத்தை வெட்டும் இடத்தில் மீனின் தலைக்கு மேலே வட்டமான ஒரு ஜன்னல் உண்டாகிறது. 30 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்கும் மீனுக்கு அந்த ஜன்னலின் விட்டம் கிட்டத்தட்ட 68 சென்டிமீட்டர். மீன் மேலே வரவர ஜன்னல் சுருங்கும். கீழே போனால் விரியும்.

ஜன்னலுக்கு வெளியே? முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரிதான். நீர்மட்டத்தின் அடிப்பக்கம் ஆற்றடியின் கற்களையும் செடிகளையும் தலைகீழாகக் காட்டும். அதன் வழியாக வெளியுலகம் தெரியாது.

மேலே ஓட்டத்தில் மிதந்து வரும் மேஃப்ளை முதலில் இந்தக் கண்ணாடிப் பகுதியில்தான் இருக்கும். அதன் உடலோ சிறகோ மீனுக்குத் தெரியாது. ஆனால் பூச்சியின் கால்கள் நீரின் மேற்பரப்பை அழுத்திச் சிறு குழிகளாக்குகின்றன. அந்தக் குழிகளில் நீர்மட்டத்தின் சாய்வு மாறுவதால் வெளிச்சம் உள்ளே கசிகிறது. இருண்ட கண்ணாடியில் சில வெளிச்சப் புள்ளிகள் நகர்ந்து வருவது மட்டும் மீனுக்குத் தெரியும். பல ட்ரவுட்கள் இந்த அறிகுறியைக் கண்டதுமே மேலெழத் தொடங்கிவிடுகின்றன. பூச்சி இன்னும் நெருங்கும்போது, ஒளி வளைவதால், சிறகின் நுனி மட்டும் உடலிலிருந்து பிரிந்ததுபோல ஜன்னல் விளிம்பில் முதலில் தோன்றும். பூச்சி ஜன்னலுக்குள் நுழையும்போது இரண்டும் ஒன்றுசேரும். அந்த நேரத்திலும் பின்னால் பளிச்சென்ற வானம். ஆகவே மீன் காண்பது பெரும்பாலும் ஒரு கரிய உருவம்.

இந்த ஒளியியலை மனதில் வைத்துக்கொண்டு ஃப்ளையைப் பார்த்தால் பல விஷயங்கள் புரியும். அளவு முக்கியம். நீரில் பதியும் தடம் முக்கியம். சிறகின் நிமிர்வு முக்கியம். உடலின் நிறம் சாம்பலா ஆலிவா என்று மணிக்கணக்கில் வாதிடுவது அவ்வளவு முக்கியமில்லை. 1922இல் அமெரிக்காவின் மிச்சிகனில் லெனர்ட் ஹாலடே கட்டிய ஆடம்ஸ் என்ற ஃப்ளை இதற்கு நல்ல உதாரணம். எந்தக் குறிப்பிட்ட பூச்சியின் நகலும் அல்ல அது. பொதுவாக ஏதோ ஒரு பூச்சிபோல இருக்கும். நூறாண்டு கழித்தும் மீன்பிடிப்பாளர்களின் பெட்டியில் அதற்கு இடம் உண்டு.

மிதக்கும் ஃப்ளையை எப்படிக் கட்டுகிறார்கள்? வைஸ் என்ற சிறிய பிடிகருவியில் முள்ளைப் பிடித்து, மெல்லிய நூலைத் தண்டின்மேல் அடுக்கிச் சுற்றி அடித்தளம் போடுவார்கள். வாலுக்குச் சில விறைப்பான இழைகள். நூலில் ரோமத்தைத் தேய்த்துத் திரித்து உடலாகச் சுற்றுவார்கள். பிறகு சேவலின் பிடரி இறகு ஒன்றின் அடியைக் கட்டி, இறகைக் குறுக்காகப் பல சுற்று சுற்றினால், இழைகள் எல்லாப் பக்கமும் விரிந்து கதிர்போல நிற்கும். இதற்கு ஹேக்கிள் என்று பெயர். முள்ளின் வாய் அகலத்தைப் போல ஒன்றரை மடங்கு இழை நீளம் வேண்டும் என்பது வழக்கமான கணக்கு.

ஏன் சேவல், ஏன் கோழி இல்லை? பெட்டைக் கோழியின் இறகிழை மென்மையானது, பக்கக் கிளைகள் அதிகம், நீரை உறிஞ்சும். மூழ்கும் ஃப்ளைக்கு அதுதான் நல்லது. சேவல் பிடரி இழை வழுவழுப்பானது, விறைப்பானது. அதன் நுனிகள் நீரைக் கிழிக்காமல் அழுத்தி நிற்கும். நீரின் பரப்பு இழுவிசை நாம் நினைப்பதைவிட வலியது. நீர் ஒட்டாத ஒரு சென்டிமீட்டர் நீள இழை நீரில் படுத்திருந்தால், இரு பக்கமும் சேர்த்து அதிகபட்சம் 150 மில்லிகிராம் அளவுக்குத் தாங்க முடியும். சிறிய ஃப்ளை ஒன்றின் மொத்த எடையே சில பத்து மில்லிகிராம்தான். அந்த இழை நுனிகள் உண்டாக்கும் குழிகள்தாம் மீனின் கண்ணாடியில் வெளிச்சப் புள்ளிகளாகவும் தெரிகின்றன. மிதக்க வைப்பதும் ஏமாற்றுவதும் ஒரே இழைதான்.

வாத்தின் வாலடியில் எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றி முளைக்கும் பஞ்சுபோன்ற இறகையும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். எண்ணெய் இருப்பதால்தான் அது மிதக்கிறது என்று பலர் சொல்வார்கள். அதன் நுண்ணிய இழைகள் காற்றுக் குமிழ்களைப் பிடித்து வைப்பதுதான் பெரிய காரணம். மான் ரோமத்திலும் காற்றுதான் வேலை செய்கிறது. ரோமத்துக்குள்ளேயே காற்று நிரம்பிய அறைகள் இருக்கின்றன.

இறகு என்றதும் நம் ஊர்ப் பறவை ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்து இறகுகளில் மெழுகு சொட்டியதுபோலப் பளபளக்கும் புள்ளிகள் உண்டு. விக்டோரியா காலத்தில் சால்மன் மீனுக்குக் கட்டிய ஃப்ளைகளில், தலையின் இரு பக்கமும் கன்னம்போல அந்த இறகைத்தான் வைத்தார்கள். கழுத்துத் தோல்கள் கப்பல் கப்பலாகப் போயின. பிறகு இந்தியா ஏற்றுமதியைத் தடை செய்தது. இப்போது வெளிநாடுகளில் பண்ணையில் வளர்த்த பறவைகளிலிருந்து எடுக்கிறார்கள்.

சரி, நீருக்கடியில் என்ன கதை? கைட் வாழ்ந்த அதே ஏவன் ஆற்றின் காவலர் ஃபிராங்க் சாயர். நிம்ஃப்களை ஆற்றிலேயே வருடக்கணக்கில் கவனித்தவர். அவை நீந்தும்போது கால்களை உடலோடு ஒட்டி மடக்கிக்கொள்வதை அவர் பார்த்தார். ஆகவே அவருடைய ஃப்ளையில் கால்களே கிடையாது. ஃபெசன்ட் பறவையின் வால் இறகிழைகள் சில, மெல்லிய செப்புக் கம்பி, வேறெதுவும் இல்லை. நூலுக்குப் பதில் கம்பியாலேயே கட்டினார். அதுவே எடையாகி முள்ளை மூழ்கவைத்தது; அதுவே மார்புப் பகுதியின் திரட்சியானது. மீனுக்கு நேராக வரும்போது தூண்டில் கோலின் நுனியைச் சற்று உயர்த்துவார். ஃப்ளை மேலே எழும். சிறகோடு வெளிவரப் போகும் நிம்ஃப் தப்பிப் போவதுபோல இருக்கும். மீன் பாயும். கைட் சாயரிடமிருந்து இதை எடுத்துக்கொண்டு, இறகையும் கழற்றிவிட்டு, அசைவு மட்டுமே போதும் என்று காட்டினார்.

சில பத்து மில்லிகிராம் எடையுள்ள பொருளை 15 மீட்டர் தூரம் எறிவது எப்படி? முடியாது. காகிதத் துணுக்கை எறிவது மாதிரிதான். நம் ஊரில் ஈயக்குண்டின் எடை தூண்டில் நரம்பை இழுத்துச் செல்லும். இங்கே அது தலைகீழ்: எடை முழுவதும் நரம்பில் இருக்கிறது. தடித்த பிளாஸ்டிக் பூச்சுள்ள நரம்பு அது. எடை வரிசையில் 5ஆம் எண் நரம்பில் முதல் 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர், ஏறக்குறைய 9 கிராம் இருக்கும்.

கோலைப் பின்னால் வீசி நிறுத்தினால் நரம்பு பின்பக்கம் பறந்து நீளும். அது முழுவதும் நீளும்வரை காத்திருக்க வேண்டும். புதியவர்கள் அவசரப்பட்டுச் சொதப்பும் இடம் இதுதான். பிறகு முன்னோக்கி வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய் சட்டென்று நிறுத்த வேண்டும். கோலின் நுனி நின்றுவிடும், நரம்பு நிற்காது. மேல் பாதி ஓடிக்கொண்டே இருக்கும், கீழ்ப் பாதி நுனியோடு நின்றிருக்கும். நடுவில் ஒரு வளையம் உருண்டு முன்னேறும். வளையம் உருள உருள ஓடும் பகுதியின் நீளம் குறைகிறது. இருக்கிற ஆற்றல் குறைந்துகொண்டே வரும் எடையில் சேர்வதால், காற்று தடுத்தாலும் வேகம் எளிதில் குறையாது. சாட்டை சொடுக்கும்போது நுனி வெடிப்பதும் இதே கணக்குதான்.

வளையம் குறுகலாக இருந்தால் காற்றை நன்றாகக் கிழிக்கும். அதற்குக் கோலின் நுனி நேர்கோட்டில் நகர வேண்டும். கை வட்டமாகத்தான் சுழலும். ஆனால் எடை ஏறும்போது கோல் வளைந்து குட்டையாவதால் நுனியின் பாதை நேராகிறது. கோல் வளைவதற்கு முதன்மையான காரணம் இது. நுனி வட்டமடித்தால் வளையம் பருத்துப் போகும். நடுவில் தாழ்ந்தால் நரம்பு தன்னையே குறுக்கிட்டு முடிச்சு விழும். காற்றின்மேல் பழி போடுவது மரபு.

நரம்பின் நுனியில் படிப்படியாக மெலியும் இழை ஒன்று இருக்கும், ஏறக்குறைய 2.7 மீட்டர் நீளம். கடைசி நுனி 0.15 மில்லிமீட்டர் தடிமனுக்கு வந்துவிடும். மெலிய மெலிய ஆற்றல் கரைந்து, ஃப்ளை சத்தமில்லாமல் விழுகிறது. எறிபவர் நிற்கும் இடமும் மீனின் ஜன்னலைப் பொறுத்ததே. அடிவானத்தை ஒட்டியவை ஜன்னல் விளிம்பில் நசுங்கித் தெரியும். 1.8 மீட்டர் உயரமுள்ளவர் நீர்மட்டத்தில் 10 மீட்டர் தள்ளி நின்றால் சுமார் 10 டிகிரிக்குள் அடங்கிவிடுவார். குனிந்தால் இன்னும் நல்லது. மீனுக்குப் பின்னாலிருந்து, ஓட்டத்தை எதிர்த்து எறிந்தால் அதன் பார்வைக்கு எட்டாத பக்கம் நிற்கலாம்.

ஃப்ளை நீரில் விழுந்த பிறகுதான் உண்மையான சோதனை. ஆற்றின் நடுவே ஓட்டம் வேகம், ஓரத்தில் மந்தம். குறுக்கே கிடக்கும் நரம்பை நடு ஓட்டம் இழுத்து வளைக்கும். அது ஃப்ளையையும் இழுக்கும். ஃப்ளை நீரைக் கீறிக்கொண்டு ஓடும். பூச்சி அப்படி ஓடாது. எவ்வளவு அழகாகக் கட்டியிருந்தாலும் ட்ரவுட் திரும்பிப் பார்க்காது. இதைத் தவிர்க்க நரம்பு விழுந்ததுமே கோலால் அதை ஓட்டத்துக்கு எதிர்ப்பக்கமாகப் புரட்டிப் போடுவார்கள்; அல்லது வேண்டுமென்றே தளர்வாக, நெளிநெளியாக விழும்படி எறிவார்கள். அந்தத் தளர்வு இழுபடும்வரை கிடைக்கும் சில விநாடிகள்தான் கையிருப்பு. ஃப்ளை பெட்டியில் செலவழிக்கும் பணத்தைவிட இந்தப் புரட்டலைப் பழகும் நேரம் அதிகம் மீன் தரும்.

மிதப்பதா, மூழ்குவதா என்ற கேள்வி தெற்கு இங்கிலாந்தின் ஹாம்ப்ஷைரில் பெரிய சண்டையாகவே ஆனது. அங்குள்ள டெஸ்ட், இட்சன் ஆறுகள் சுண்ணாம்புப் பாறையில் ஊறிய மழைநீர் ஊற்றாக வெளிவந்து உண்டானவை. ஆண்டு முழுவதும் ஊற்றில் 10, 11 டிகிரி வெப்பம். கண்ணாடி போன்ற தெளிவு. ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, ஆக்சிஜன் நிறைந்த நீர் வேண்டும். வெள்ளையர்கள் அதை இங்கே கொண்டுவந்தபோதும் அவலாஞ்சி, மூணாறு, நுவரெலியா என்று மலை உச்சிகளில்தான் அது பிழைத்தது. ஹாம்ப்ஷைரில் நின்ற இடத்திலிருந்தே மீனைப் பார்க்கலாம். அதனால்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஃபிரெடெரிக் ஹால்ஃபோர்ட், மேலே வந்து தின்னும் மீனுக்கு மிதக்கும் ஃப்ளை மட்டுமே முறையானது என்று வகுத்தார். லண்டன் வழக்கறிஞர் ஜி. இ. எம். ஸ்க்யூஸ், மீன் பெரும்பாலும் நீருக்குள்ளேதானே தின்கிறது என்று நிம்ஃப் பக்கம் நின்றார். ஹால்ஃபோர்ட் 1914இல் இறந்த பிறகும் அவருடைய சீடர்கள் விடவில்லை. 1938இல் லண்டனில் ஃப்ளைஃபிஷர்ஸ் கிளப்பில் இதற்காகவே ஒரு விவாதம் நடந்தது. அதே ஆண்டில், ஏறக்குறைய 80 வயதில், ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் மீன்பிடித்த இட்சன் ஆற்றுப் பகுதியை விட்டு ஸ்க்யூஸ் விலகினார். அந்த ஆறுகளின் பல பகுதிகளில் ஜூன் முடியும்வரை மிதக்கும் ஃப்ளை மட்டும், நிம்ஃபுக்கு ஜூலை 1 முதல்தான் அனுமதி என்ற விதி இன்றும் இருக்கிறது.